இஞ்சின் ஓடாமலே 4 பார் காட்டிய ஆயில் பிரஷர் மீட்டர்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களில் யாராவது ஆயில் பிரஷர் மீட்டரைக் கடையில் கொடுத்து மாட்டியிருந்தால், இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சாவியைத் திருப்பி இக்னிஷனை மட்டும் போடுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். முள் பூஜ்ஜியத்தில் இருக்க வேண்டும். என் காரில் அது 4 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. இஞ்சின் ஓடவில்லை, ஆயில் பம்ப் சுற்றவில்லை, ஆனாலும் 4 பார். அப்படி ஒரு மீட்டரை நம்பி நான்கு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

இந்தக் காரில் கம்பெனியே ஒரு ஆயில் மீட்டர் கொடுத்திருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று சிலர் கேட்கலாம். முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-8-ல் அது உண்மையில் மீட்டரே இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் அல்ல, வெறும் சுவிட்ச். கொஞ்சம் அழுத்தம் வந்துவிட்டால் முள் நடுவில் போய் நின்றுவிடும். அதற்கப்புறம் அழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் அசையாது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி இஞ்சின்தான் இந்தக் காரில் இருப்பது. அதில் இது பெரிய குறை. பேரிங்குகளுக்கு உயவு கொடுப்பதோடு, ரோட்டர்களின் உள்பக்கம் பீய்ச்சப்பட்டு அவற்றின் சூட்டைத் தணிப்பதும் இதே ஆயில்தான். முதல் தலைமுறையில் பேரிங் தேய்மானம் பற்றிய கவலை எல்லோருக்கும் உண்டு. பின்னால் வந்த இரண்டாம் தலைமுறையில் மாஸ்டாவே ஆயில் அழுத்தத்தைக் கூட்டியது. அதனால்தான் உண்மையான அளவைக் காட்டும் மீட்டர் வேண்டும் என்று நினைத்தேன்.

ரோட்டரி வேலை நிறைய செய்திருக்கிறோம் என்று சொன்ன ஒரு கடையில் கொடுத்தேன். மீட்டரும் அதற்கான சென்சாரும் புதிது, என் கண் முன்னால்தான் பெட்டியைப் பிரித்தார்கள். இரண்டு நாளில் தருவதாகச் சொன்ன காரை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது சரியான பதில் இல்லை. எடுக்கப் போன அன்று இஞ்சினை ஓடவிட்டுக் காட்டினார்கள். "பாருங்க சார், கரெக்டா நாலுல நிக்குது." நானும் பார்த்துவிட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தடவைகூட மிதிக்காமல் வாங்கி வந்துவிட்டேன்.

முதல் வாரத்திலேயே எனக்கு உறுத்தியது. காலையில் குளிர்ந்த இஞ்சினிலும் 4, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஐடிலிலும் 4. அப்படி இருக்கவே முடியாது. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும், சூடானதும் ஐடிலில் நன்றாக இறங்கும், சுற்று கூடக்கூட மறுபடி ஏறும். போன் செய்து கேட்டேன். "இது ஸ்டெடியான மீட்டர் சார், முள்ளு ஆடாது" என்றார் அந்த மெக்கானிக். ஆடாத முள்ளை மாற்றத்தானே அவரிடம் போனேன்! அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இதற்கிடையில் ஆயில் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தது. ரோட்டரியில் இது ஏமாற்றும் இடம். ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீல்களுக்கு உயவு கொடுக்க ஒரு சிறிய பம்ப் எரியும் அறைக்குள் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், அது பெட்ரோலோடு எரிந்துபோகும். ஆயில் குறைவது இந்த இஞ்சினின் இயல்பு என்பதால், கசிவு இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு வரவில்லை. அடியில் மூடியிருக்கும் தட்டு சொட்டுகளைப் பிடித்துக்கொண்டதால் தரையிலும் கறை விழவில்லை.

ஒரு நாள் கண்ணாடியை ஏற்றுவதற்காக இக்னிஷனை மட்டும் போட்டேன். முள் எழுந்து 4-ல் நின்றது. அன்றே டேஷ்போர்டைப் பிரித்தேன். மீட்டரிலிருந்து சென்சாருக்குப் போக வேண்டிய ஒயர் இஞ்சின் அறைக்கே போகவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலேயே வெட்டி, ஒரு ரெசிஸ்டரை (மின்தடையை) பற்றவைத்து, மறுமுனையை பாடியில் எர்த் கொடுத்து, டேப் சுற்றியிருந்தார்கள். மல்டிமீட்டரில் 82 ஓம் காட்டியது. சென்சாரின் மின்தடையை வைத்துத்தான் மீட்டர் அழுத்தத்தைக் காட்டும். இந்த வகை மீட்டருக்கான 10 பார் சென்சார், அழுத்தம் இல்லாதபோது 10 ஓமும் முழு அழுத்தத்தில் 180 ஓமை ஒட்டியும் காட்டும். 82 ஓம் என்றால் ஏறக்குறைய 4 பார். ஒன்றுமே இணைக்காமல் விட்டிருந்தால் முள் கடைசிக்கு ஓடிக் காட்டிக்கொடுத்திருக்கும். அதைத் தடுக்க, கணக்குப் பார்த்து ரெசிஸ்டர் வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் நடந்த தவறு என்று என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

புது சென்சார் காரில் எங்குமே இல்லை. அடித்தட்டைக் கழற்றியபோதுதான் மீதி புரிந்தது. கம்பெனி சுவிட்ச் இருக்கும் துளையைச் சுற்றி சீலன்ட் பசையை அப்பியிருந்தார்கள், அதன் ஓரமாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது. சுவிட்சைக் கழற்றினால், உள்ளே மரை சிதைந்திருந்தது. ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் அந்தத் துளை பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 புரி, கோணம் 55 டிகிரி. வெளியில் விற்கும் சென்சார்களில் பல என்பிடி என்ற அமெரிக்கக் குழாய் மரை, 27 புரி, 60 டிகிரி. இரண்டும் எட்டில் ஒரு அங்குல அளவுதான். கையால் திருகினால் ஒன்றிரண்டு சுற்று ஏறவும் செய்யும், அதனால் பொருந்திவிட்டது என்றே தோன்றும். அதற்குமேல் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். இங்கே அதுதான் நடந்திருக்க வேண்டும். மரையைக் கெடுத்த பிறகு, பழைய சுவிட்சையே பசை போட்டுத் திணித்துவிட்டு, மீட்டருக்கு ரெசிஸ்டர் வைத்துவிட்டார்கள்.

கேட்கப் போனபோது முதலில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். போட்டோக்களைக் காட்டியதும் "சென்சார் சேரலை, தற்காலிகமா வெச்சோம், சொல்ல மறந்துட்டோம்" என்றார்கள். கூலி திரும்பக் கிடைத்தது. என் சென்சார் கிடைக்கவில்லை. மரைக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் இஞ்சின் வேலை தெரிந்த நண்பரோடு சேர்ந்து நானே மாட்டினேன். கெட்டுப்போன மரையைச் சரிசெய்து கம்பெனி சுவிட்சை ஒழுங்காகப் பொருத்தினோம். சென்சாருக்கு அந்தத் துளையைத் தொடவே இல்லை. ஆயில் பில்டருக்கு அடியில், அதற்கும் இஞ்சினுக்கும் நடுவே, சாண்ட்விச் பிளேட் என்ற துளைகள் உள்ள தட்டை வைத்தோம், அதன் துளைகள் என்பிடி என்பதால் சென்சாரோடு பொருந்தியது. கனமான சென்சாரைப் பித்தளை இணைப்பில் நேராகத் தொங்கவிட்டால் அதிர்வில் அந்த இணைப்பு முறிய வாய்ப்புண்டு. அதனால் கம்பி பின்னிய சிறு ஹோஸ் போட்டு, சென்சாரை பாடியில் கிளாம்ப் செய்தோம். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் உடல் வழியாகத்தான் கிடைக்கும். ஹோஸின் முனையில் வைப்பதால் தனி எர்த் ஒயர் கொடுத்தோம்.

உங்கள் காரைக் கடையிலிருந்து எடுக்கும் முன் சென்சார் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதன் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். முள் உடனே கடைசிக்கு ஓட வேண்டும். வேலைக்குக் கொடுக்கும் முன்பே மரை எது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இப்போது இக்னிஷன் போட்டால் முள் பூஜ்ஜியத்தில் இருக்கிறது. சூடான இஞ்சினில் 3,000 சுற்றில் 3.5 பாரை ஒட்டிக் காட்டுகிறது, மாஸ்டா சொல்லும் அளவும் அதே 350 கிலோபாஸ்கல்தான். ஐடிலில் 1.5-க்கு இறங்குகிறது. ஆயில் குறைவதும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது.