பிரசவத்துக்கு அப்புறம் ஹோம் நர்ஸ் வெச்சோம், 5 வாரம் (ஈஜிபுரா, பெங்களூர்)

அல்சூர் பக்கம் இருக்கற ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சி இது. பேர் போடல, ஏன்னா முதல்ல ஒருத்தங்கள அனுப்பினாங்க பாருங்க அதுக்கு நல்லா திட்டணும், அடுத்து அனுப்பின சிஸ்டருக்கு கோயிலே கட்டணும், ரெண்டும் ஒரே ஆபீஸ்.

எனக்கு சிசேரியன், பாப்பா 37 வாரத்துலயே வந்துட்டா, 2.7 கிலோ. பாத்துக்க வரவேண்டிய எங்கம்மா திண்டுக்கல்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கையில மாவுக்கட்டு. மாமியாருக்கு 70 வயசு, சமைச்சு போடறதே பெருசு. அதான் ஏஜென்சிக்கு போன் பண்ணோம், "ட்ரெய்ன்ட் நர்ஸ் மேடம், 10 வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்"னு சொல்லி டிஸ்சார்ஜ் ஆன அன்னிக்கே ஒரு அக்காவ அனுப்பிட்டாங்க.

நல்ல மனுஷிதான், குறை சொல்ல மனசு வரல, ஆனா நர்ஸ் இல்ல. காதுல எண்ணெய் விடறாங்க, மூக்க பிடிச்சு நீவி விடறாங்க, மத்தியானம் பாப்பாவ குப்புற போட்டு தூங்க வெக்கறாங்க, கேட்டா "அப்பதான் நல்லா தூங்கும்". என்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டேன், சிரிச்சாங்க. ஏஜென்சிக்கு கூப்பிட்டா அப்பதான் சொல்றாங்க, "ஜிஎன்எம் வேணும்னா ரேட் வேற மேடம்". அட்டெண்டர் ஒரு நாளைக்கு 1,100, ஜிஎன்எம் 1,900, பகல் 12 மணி நேரம். இத முதல்லயே சொல்லி தொலைச்சா என்ன? ஜிஎன்எம்னா 3 வருஷ நர்சிங் கோர்ஸ், கர்நாடகா ஸ்டேட் நர்சிங் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ணியிருப்பாங்க, அந்த நம்பர வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லிட்டு அட்வான்ஸ் குடுங்க, நான் செய்யல.

பாப்பா பொறந்த அஞ்சாம் நாள் காலைல ஜிஎன்எம் சிஸ்டர் வந்தாங்க. கோட்டயம் பக்கம், பாதி மலையாளம் பாதி தமிழ். கைய கழுவிட்டு வந்து பாப்பாவ ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, நெத்தில விரல அமுக்கி எடுத்தாங்க, அப்புறம் நெஞ்சுல, அப்புறம் முழங்காலுக்கு கீழ. எல்லா இடத்துலயும் மஞ்சள். "சேச்சி, இன்னிக்கே டாக்டர பாக்கணும், நாளைக்கு இல்ல". அத்தை உடனே "காலைல இளவெயில் காட்டினா போயிடும்மா, என் பசங்க எல்லாம் அப்படித்தான்". ஆடி மாச பெங்களூர்ல வெயிலுக்கு எங்க போறது! சிஸ்டர் அவங்க கைய பிடிச்சு "அம்மா, லேசா இருந்தா தன்னால போயிடும், இது காலு வரைக்கும் இறங்கிருக்கு, வெயில நம்பி உக்கார முடியாது"ன்னு மெதுவா சொன்னாங்க. ரத்த டெஸ்ட்ல பிலிருபின் (மஞ்சளோட அளவு) 18.6. மஞ்சள் இறங்க ஆஸ்பத்திரில ஒன்றரை நாள் நீல லைட்டுக்கு அடியில படுக்க வெச்சாங்க. ரெண்டு நாள் குளிப்பாட்டி எண்ணெய் தேய்ச்ச அக்கா கண்ணுக்கு இது தெரியல, எனக்கும்தான் தெரியல, "பாப்பா என்ன கலர்"னு நாங்க சந்தோஷமா போட்டோ எடுத்துட்டு இருந்தோம்.

எடை 2.46க்கு இறங்கியிருந்துச்சு. அத்தை "பால் பத்தல, பவுடர் பால் குடுத்துரு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க, நான் அழுதேன். பொறந்த குழந்தைக்கு முதல் வாரம் கொஞ்சம் எடை குறையறது சகஜம், 10 சதவீதம் தாண்டினா கவலைன்னு சிஸ்டர் சொன்னாங்க, ஆனா எங்களது கிட்டத்தட்ட 9, பால் சரியா உள்ள போகலன்னா மஞ்சளும் ஏறும். பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. பாப்பா காம்ப மட்டும் கவ்விட்டு இருந்தா, எனக்கு வெடிச்சு ரத்தம். மூக்குக்கு நேரா காம்ப வெச்சு, அவ வாய கொட்டாவி மாதிரி பெருசா தொறக்கற வரைக்கும் பொறுத்து, நாடி முதல்ல படற மாதிரி சட்டுன்னு அணைக்கணுமாம், கருப்பு வட்டமும் வாய்க்குள்ள போகணும். மடியில வெச்சா தையல் வலிக்குது, அதனால கக்கத்துல பை இடுக்கற மாதிரி பக்கவாட்டுல வெச்சு பிடிக்க சொன்னாங்க. மூணாவது தடவ பாப்பா மடக் மடக்னு முழுங்கற சத்தம் கேட்டுச்சு பாருங்க, வலியே இல்ல.

பால் பத்துதான்னு எப்படி தெரியும்னு கேட்டதுக்கு, கிச்சன் காலண்டர்ல ஒவ்வொரு ஈர டயப்பருக்கும் ஒரு கோடு போட சொன்னாங்க, அஞ்சு நாளுக்கு மேல தினம் 6 கோடாவது வரணும். அத்தைய அதுக்கு இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க! அதுக்கப்புறம் பவுடர் பால் பேச்சே இல்ல, சாயங்காலம் ஆனா "இன்னிக்கு எட்டு"ன்னு போன்ல ஊருக்கே சொல்வாங்க. 14ஆம் நாள் 2.74.

அத்தையோட பூண்டு குழம்பு, சுறா புட்டு எதுக்கும் தடை இல்ல, ஆனா தண்ணி குடிச்சா வயிறு போடும்ங்கறத மட்டும் விடல, பால் குடுக்கறவங்களுக்கு தாகத்துக்கு தண்ணி வேணும்னுட்டாங்க. உரை மருந்தை தேன்ல குழைச்சு குடுக்கறதுக்கு கண்டிப்பா நோ, ஒரு வயசு வரைக்கும் தேனே கூடாது. சாம்பிராணி சாமி ரூமோட சரி. என் வீட்டுக்காரர உக்கார வெச்சு ஏப்பம் எடுக்க வெக்கறது, மல்லாக்க படுக்க வெக்கறது, காய்ச்சல் 100.4 வந்தா மருந்து குடுக்காம நேரா ஆஸ்பத்திரி போறது எல்லாம் சொல்லி குடுத்தாங்க. நான் காரணமே இல்லாம அழுதத கவனிச்சுட்டு, ரெண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட சொல்லணும்னு என்கிட்டயும் சொன்னாங்க, அவர்கிட்டயும் தனியா சொன்னாங்க. எனக்கு பத்து நாள்ல சரியாச்சு.

குறை? சில்க் போர்டு டிராஃபிக்ல வாரத்துக்கு ரெண்டு நாள் லேட், அது அவங்க தப்பில்ல. ஞாயித்துக்கிழமை லீவுக்கு மாத்து ஆள் தருவோம்னு ஏஜென்சி சொன்னது சும்மா, ஒரு தடவ கூட வரல. நைட் ஷிஃப்ட்டுக்கு அனுப்பின பொண்ணு எனக்கு முன்னாடி தூங்கிடுச்சு, மூணாவது நாளே நிறுத்திட்டோம்.

சிஸ்டருக்கு 5/5, ஏஜென்சிக்கு 2. அட்வான்ஸ்ல இன்னும் 3,000 திரும்பி வரணும், "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு மேடம்"னு மூணு வாரமா சொல்றாங்க. வந்தா எடிட் பண்றேன்.