‘ராணியோடு எறும்புக் கூடு’ வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது கட்டெறும்புக் கூடு விற்கிறார்கள். "இனச்சேர்க்கை முடிந்த ராணி, 15 வேலைக்கார எறும்புகள், முட்டை, புழு, கூட்டுப்புழு, எல்லாம் சேர்த்து ரூ. 2,200, உயிரோடு வந்து சேர உத்தரவாதம்" என்று அழகான வீடியோவோடு விளம்பரம் வரும். அப்படி ஒருவரிடம் நானும் வாங்கினேன். வந்த ராணி இனச்சேர்க்கையே ஆகாதது. அது எங்களுக்குத் தெரிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அவர் கொடுத்த உத்தரவாதமோ 30 நாள்தான். இது தற்செயல் இல்லை என்பது என் முடிவு, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான் எறும்பு வளர்க்க வேண்டும் என்று கேட்டாள். கட்டெறும்பைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான். நம் ஊர் எறும்பு, பூதக்கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம், நடப்பது, தூக்குவது, ஒன்றுக்கொன்று வாயில் ஊட்டிக்கொள்வது எல்லாம் தெளிவாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் தரையில் ஓடும் ராணியை நாமே பிடிக்கலாம் என்று படித்திருந்தோம், ஆனால் அது வெயில் காலம், மழைக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. விற்பவரிடம் பணம் அனுப்பும் முன்பே "ராணி மேட் ஆனதுதானா, எப்படி உறுதியாகத் தெரியும்" என்று எழுதிக் கேட்டேன். "ப்ரோ, றெக்கை உதிர்ந்த தழும்பு இருக்கு பாருங்க, அதுதான் ப்ரூஃப்" என்று ராணியின் முதுகைப் பெரிதாக்கி ஒரு படம் அனுப்பினார். தழும்பு இருந்தது. மோசடி முழுக்க அந்தத் தழும்பில்தான் இருக்கிறது.

ராணி எறும்பு சிறகோடு பிறக்கும். கூட்டை விட்டுப் பறந்து போய் ஆணோடு சேரும், கீழே இறங்கியதும் சிறகைத் தானே உதிர்த்துவிட்டு ஒரு பொந்தில் தனியாக அடைந்துகொள்ளும். ஆணோடு சேர்ந்தபோது வாங்கிய விந்துவை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேமித்து வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க முட்டையிடும். ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று வளர்ப்பில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது, அத்தனை காலத்துக்கும் அந்த முதல் சேமிப்புதான் மூலதனம். அதனால் ராணி மேட் ஆனதா இல்லையா என்பதுதான் கூட்டின் தலையெழுத்து. அதைப் பார்வையால் சொல்ல முடியாது. பறக்கவே போகாத இளம் ராணியின் சிறகை இடுக்கியால் இழுத்துவிட்டாலும் அதே இடத்தில் அதே தழும்புதான் இருக்கும்.

பார்சல் வந்த அன்று எல்லாம் நன்றாகவே இருந்தது. சோதனைக் குழாயில் தண்ணீர், பஞ்சு, நடுவில் ராணி, சுற்றிலும் எறும்புகள், கொஞ்சம் கூட்டுப்புழுக்கள். மகள்தான் ஒன்றைக் கவனித்தாள்: "அப்பா, இதுல ரெண்டு எறும்புக்குத் தலை இவ்ளோ பெருசா இருக்கே." கட்டெறும்பில் வேலைக்காரிகள் பல அளவில் இருக்கும், பெருந்தலைக்காரி அதில் ஒரு வகை என்று நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் சரிதான். ஆனால் புதிதாகத் தொடங்கிய, பதினைந்தே எறும்புகள் உள்ள கூட்டில் பெருந்தலைக்காரி இருக்க வாய்ப்பே இல்லை. தனியாக அடைந்த ராணி வெளியே போய் இரை தேடாமல், தன் உடம்பில் உள்ள கொழுப்பையும் தேவையில்லாமல் போன பறக்கும் தசையையும் கரைத்துத்தான் முதல் ஈடு பிள்ளைகளை வளர்க்கிறது. அந்த முதல் ஈடு எல்லாமே சாதாரண வேலைக்காரியைவிடச் சிறியதாக, ஒல்லியாக இருக்கும். பெருந்தலைகள் கூடு வளர்ந்து தீனி பெருகிய பிறகுதான் வரும். இதை எனக்குச் சொன்னவர் வேளாண் கல்லூரியில் பூச்சியியல் படித்த நண்பர், ஆனால் அவரிடம் நான் பேசியது எல்லாம் முடிந்த பிறகு.

அவர் கணிப்பு இது. யாரோ ஒரு பெரிய பழைய கூட்டைத் தோண்டியிருக்கிறார்கள். அதிலிருந்து இன்னும் பறக்காத இளம் ராணிகளை எடுத்து, சிறகைப் பிய்த்து, அதே கூட்டின் வேலைக்காரிகளில் ஒரு கைப்பிடியையும் கூட்டுப்புழுக்களையும் சேர்த்துக் குழாயில் அடைத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே கூட்டு வாசனை, அதனால் சண்டையே வராது, பார்க்கிறவர்களுக்கு ஒற்றுமையான குடும்பம் மாதிரி தெரியும். (வேறு வேறு கூட்டிலிருந்து பொறுக்கிப் போட்டிருந்தால் கூரியரிலேயே கடித்துக்கொண்டு செத்திருக்கும்.) ஒரு பழைய கூட்டில் ஒரு பருவத்துக்கு இப்படிப்பட்ட இளம் ராணிகள் நிறைய கிடைக்கும், ஒவ்வொன்றும் ரூ. 2,200. அந்தக் கூடு என்ன ஆனதோ, நினைத்தால் வயிறு எரிகிறது.

கொடுமை என்னவென்றால் முதல் மாதம் கூடு வளர்வது போலவே இருந்தது. கூடவே அனுப்பிய கூட்டுப்புழுக்கள் தோண்டிய அந்தப் பழைய கூட்டின் ராணியுடையவை, அதனால் அவற்றிலிருந்து முறையான வேலைக்காரிகள் வெளியே வந்தன. வெளிறிய நிறத்தில் புதுசு புதுசாக வந்ததைப் பார்த்து வீட்டில் கொண்டாட்டம். 30 நாள் உத்தரவாதம் அப்படித்தான் தீர்ந்தது. எங்கள் ராணியும் முட்டை வைத்தது, புழு வந்தது, அது தன்னைச் சுற்றி நூல் கூடு பின்னியது. அதற்குப் பிறகு அந்தக் கூடுகளைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவை எல்லாம் சிறகு வைத்த, சின்னத் தலையும் பெரிய கண்ணும் கொண்ட, குளவி போல ஒடிசலான எறும்புகள். எல்லாமே ஆண்கள். ஒரு வேலைக்காரிகூட இல்லை.

எறும்பு, தேனீ, குளவி இனங்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டையும் வீணாகாது, ஆணாகும். விந்தே இல்லாத ராணி எத்தனை முட்டை வைத்தாலும் ஆண்தான். சில இனங்களில் வேலைக்காரிகளும் கருவுறாத முட்டை வைக்கும், அதுவும் ஆண்தான். ஆண் எறும்பு இரை தேடாது, புழுவுக்கு ஊட்டாது, கூட்டைச் சுத்தம் செய்யாது, கொஞ்ச நாளில் செத்துப்போகும். ஆக, இருக்கிற வேலைக்காரிகள் ஒவ்வொன்றாக வயதாகி இறக்க இறக்க அந்தக் கூடு அழிந்துதான் ஆக வேண்டும். நாம் என்ன தீனி போட்டாலும் காப்பாற்ற முடியாது. இதை மகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

விற்றவருக்கு ஆண்களின் படங்களை அனுப்பினேன். முதலில் "நல்ல நியூஸ் ப்ரோ, கூடு மெச்சூர் ஆயிடுச்சு, அதான் றெக்கை எறும்பு வருது" என்றார். இரண்டு மாதக் கூடு அப்படி மெச்சூர் ஆகாது, கட்டெறும்புக் கூடு சிறகுள்ளவற்றை வளர்க்கும் அளவுக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. கொசு மருந்து வைத்திருப்பீர்கள், தேன் அதிகம் கொடுத்திருப்பீர்கள், வெளிச்சம் பட்டிருக்கும் என்று வரிசையாகப் பழி எங்கள் மேல் வந்தது. கொசுவிரட்டி ஆவி எறும்பைக் கொல்லும் என்பது உண்மைதான், அதனால்தான் அந்த அறையில் நாங்கள் அதை வைப்பதே இல்லை. பூச்சிமருந்து பட்ட கரப்பானைப் போட்டுவிடக் கூடாது என்று கடையில் புழு வாங்கிப் போட்டோம். பிள்ளையார் எறும்பு மோப்பம் பிடித்து வந்து திருடாமல் இருக்க, பாட்டி காலத்து அலமாரிக்குச் செய்வது போல மேசைக் காலுக்கெல்லாம் தண்ணீர்க் கிண்ணம் வைத்தோம். கொசு மருந்தோ தேனோ எதுவும் ஒரு பெண் முட்டையை ஆணாக மாற்றாது. இதை எழுதியதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

கூடவே தலையில் கட்டிய இன்னொரு சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நாசா ஜெல் கூடு, தீனியும் தண்ணியும் அதுக்குள்ளேயே இருக்கு" என்று நீல நிற ஜெல் நிரப்பிய டப்பாவுக்குத் தனியாக ரூ. 900 வாங்கினார். 2003-ல் கொலம்பியா விண்கலத்தில் பள்ளி மாணவர்களின் சோதனைக்காக எறும்புகளை ஜெல்லில் வைத்து அனுப்பியது உண்மை. ஆனால் அது சில நாள் வேலைக்காரிகள் எப்படிச் சுரங்கம் தோண்டுகின்றன என்று பார்க்கும் ஏற்பாடு. ராணி வைத்துக் குடும்பம் நடத்த அது ஆகாது. புழு வளரப் புரதம் வேண்டும், ஜெல்லில் பெரும்பாலும் இருப்பது இனிப்பும் ஈரமும்தான். சென்னையின் புழுக்கத்தில் அது சீக்கிரமே பூஞ்சை பிடித்தது. நல்லவேளை, கூட்டை அதற்குள் மாற்றாமல் குழாயிலேயே விட்டிருந்தோம்.

பிளாக் ஆன பிறகு வேறு எண்ணிலிருந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது "டயகாமா ராணி, ரூ. 1,500" என்று ஒரு பதிவு கண்ணில் பட்டது. டயகாமா என்பது நம் பக்கத்துத் தோட்டங்களிலும் பார்க்கக்கூடிய கறுப்பு எறும்பு. அந்த இனத்தில் தனி உருவமுள்ள, சிறகு முளைத்த ராணியே கிடையாது! ஆணோடு சேர்ந்த ஒரு வேலைக்காரிதான் முட்டை வைக்கும், மற்றவற்றின் முதுகில் இருக்கும் சிறு மொட்டுகளை அது கடித்துத் துண்டித்துவிடும், மொட்டு இழந்தவை ஆணோடு சேராது. இல்லாத ராணிக்கு விலை போட்டு விற்கிறார் என்றால் அவருக்கு எறும்பு பற்றி ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரிந்தே செய்கிறார். இரண்டில் எதுவானாலும் காசு கொடுக்கக் கூடாது.

சரி, வாங்கியே தீர வேண்டும் என்றால் என்ன பார்ப்பது. ராணியும் முதல் ஈடும் மட்டும் உள்ள கூட்டைக் கேளுங்கள். வேலைக்காரிகள் எல்லாம் ஒரே சிறிய அளவில் இருக்க வேண்டும், பெருந்தலை ஒன்று தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றும் அந்த ராணியுடையவைதான் என்பதற்குத் தனி ராணியாக இருந்த காலத்திலிருந்து தேதியோடு எடுத்த படங்களைக் கேளுங்கள், உண்மையாக வளர்ப்பவர்களிடம் அது கண்டிப்பாக இருக்கும், ஆசையாக எடுத்து வைத்திருப்பார்கள். வேலைக்காரி இல்லாத தனி ராணி என்றால் விலை குறைவாக இருக்க வேண்டும், மேட் ஆகாவிட்டால் பணம் திரும்ப என்ற பேச்சு குறைந்தது மூன்று மாதத்துக்காவது எழுத்தில் இருக்க வேண்டும். சிலர் இன்னும் மோசமாகப் பெருந்தலைக்காரியையே ராணி என்று விற்கிறார்களாம். தலையைப் பார்க்காதீர்கள், நடு உடம்பைப் பாருங்கள். ராணிக்குப் பறக்கும் தசை இருந்த இடம் என்பதால் அது திமில் மாதிரி தடித்து இருக்கும், வேலைக்காரிக்கு ஒல்லியாக இருக்கும்.

வெளிநாட்டு எறும்பு என்று ஆசை காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இதில் பணம் போவது சின்ன விஷயம். 2025-ல் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 ராணி எறும்புகளைக் குழாய்களில் அடைத்து வைத்திருந்ததற்காகப் பிடிபட்டார்கள். ஆளுக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டு சிறை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி உயிருள்ள பூச்சிகளை அனுமதியில்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. சட்டத்தை விடுங்கள், 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவார ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி ஆடு மாடுகளின் கண்களைத் தாக்கியது, தங்களால் காட்டுப் பக்கமே போக முடியவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னது செய்திகளில் வந்ததே. ஒரு எறும்பு பொருந்தாத இடத்தில் பெருகினால் என்ன ஆகும் என்று நமக்குக் காட்ட வேறு நாட்டு உதாரணம் வேண்டாம். எனக்கு அந்த விற்பனையாளர் கடைசியாகக் கொடுத்த யோசனை "புடிக்கலன்னா வெளிய விட்டுடுங்க ப்ரோ" என்பது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எறும்பை வெளியே விடச் சொல்கிறவர் கையில் நாளைக்கு வெளிநாட்டு எறும்பு கிடைத்தால் என்ன செய்வார்?

பணம் அனுப்பிய ரசீது, உத்தரவாதம் பற்றிய பேச்சு, ஆண் எறும்புகளின் படம் எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. பணமே வாங்கிக்கொண்டு பார்சல் அனுப்பாமல் மறைந்தவர்களிடம் மாட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள், அங்கே தாமதம் ஆக ஆகப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம். அந்தப் பக்கம் இப்போது பெயர் மாற்றிக்கொண்டு மழைக்காலச் சலுகை என்று அடுத்த விற்பனையை ஆரம்பித்திருக்கிறது. போன சில வாரங்களில் அப்படி ஏதாவது கூடு வாங்கியிருந்தீர்கள் என்றால், கூட வந்த கூட்டுப்புழுக்களிலிருந்து வரும் எறும்புகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவற்றை முடிந்தால் படம் எடுத்து எண்ணி வைத்துக்கொண்டு, உங்கள் கண்முன் வைத்த முட்டையிலிருந்து என்ன வருகிறது என்று பாருங்கள். அதற்கு முன்பே, உத்தரவாத நாள் முடிவதற்குள், "இந்த ராணி வைத்த முட்டையிலிருந்து முதல் வேலைக்காரி பிறக்கும் வரை உத்தரவாதம் நீடிக்கும்" என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.