ஜாங்கோ வார்ப்புருவா, ஜின்ஜாவா? ஒரு மும்மொழித் தளத்துக்காகப் பார்த்த கணக்கு

கொழும்பு, புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றுக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இணையத்தளம் செய்கிறோம். வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்து வேலை செய்யும் நான்கு பேர் நாங்கள். பைத்தான் நிரல்மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில்தான் கட்டுவது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. விவரம் வந்து நிரம்ப இடம் விட்ட பக்க மாதிரிதான் வார்ப்புரு. பக்கங்களை ஜாங்கோவோடு வரும் வார்ப்புரு மொழியில் எழுதுவதா, ஜின்ஜா என்ற இன்னொரு வார்ப்புரு மொழியில் எழுதுவதா என்பதில்தான் இழுபறி. 2015இல் வந்த 1.8 பதிப்பிலிருந்து ஜாங்கோவே இரண்டையும் ஏற்கிறது. ஒரே திட்டத்தில் இரண்டையும் வைத்துக்கொள்ளவும் தடையில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். ஆர்மின் ரொனாக்கர் ஜின்ஜாவை உருவாக்கும்போது ஜாங்கோவின் வார்ப்புருவைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார். தலைப்பகுதி, அடிப்பகுதி கொண்ட ஒரு தாய்ப்பக்கம், அதில் காலி இடங்கள், அவற்றை நிரப்பும் பிள்ளைப் பக்கங்கள் என்ற ஏற்பாடு இரண்டிலும் ஒன்றே. அதில் ஒப்பிட ஒன்றும் இல்லை.

பிரிகிற இடம், பக்கத்துக்குள் எவ்வளவு கணக்கு வைக்கலாம் என்பது. ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்தது. நிரல் எழுதாதவர்களும் பக்கத்தைத் தொடுவார்கள் என்று நினைத்தே அதன் வார்ப்புரு மொழியின் கையைக் கட்டி வைத்தார்கள். ஃபங்ஷன் எனப்படும் நிரல் துண்டு ஒன்றுக்கு மதிப்புக் கொடுத்துப் பக்கத்திலிருந்து அழைக்க முடியாது. மொத்த வியாபாரத்தில் ஆளுக்கு ஆள் விலை மாறும். 'இந்தச் சேலைக்கு இந்த வாடிக்கையாளரின் விலை' என்று ஜின்ஜாவில் நேரடியாகக் கேட்கலாம். ஜாங்கோவில் அதை முன்கூட்டியே வியூவில், அதாவது பக்கத்துக்குத் தரவு அனுப்பும் நிரலில், கணக்கிட்டு அனுப்ப வேண்டும், அல்லது பக்கத்தில் போடும் சொந்தக் கட்டளையாகத் தனியாக ஒரு டேக் எழுத வேண்டும். எங்களோடு புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு இது பெரிய எரிச்சல். எனக்கோ அதுதான் நிம்மதி. மொழிபெயர்க்கும் அக்கா பக்கத்தைத் திறக்கும்போது அங்கே எழுத்து மட்டுமே இருக்க வேண்டும், விலைக் கணக்கு இருக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை ஜாங்கோவுக்கே என் வாக்கு. அதன் மேக்மெசேஜஸ் கட்டளை பக்கங்களில் உள்ள வாசகங்களை எல்லாம் பொறுக்கி ஒரு கோப்பில் சேர்த்துத் தரும். அந்தக் கட்டளைக்கு ஜின்ஜா பக்கங்களை வாசிக்கத் தெரியாது. அதற்கு பேபல் என்ற கருவியைத் தனியாகப் பொருத்த வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஒரு வேலை காத்திருக்கிறது. ஜாங்கோ தன்னோடு கொண்டு வரும் மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு, சிங்களம் இல்லை. செட்டிங்ஸில் நாமே சேர்க்காவிட்டால் மொழி மாற்றும் பொத்தானில் பெயர் காட்டப்போன இடத்தில் பிழை வந்து நிற்கும்.

ஜின்ஜா வெல்கிற இடமும் உண்டு, அது சிறிய இடமல்ல. மதிப்பைக் கொண்டுவரும் மாறி ஒன்றின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டால் ஜாங்கோ சத்தமில்லாமல் வெற்றிடம் விட்டுப் போய்விடும். ஜின்ஜாவும் இயல்பாக அப்படித்தான், ஆனால் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட் என்ற அமைப்பைப் போட்டால் அந்த இடத்திலேயே பிழை சொல்லி நின்றுவிடும். முன்பு வேறொரு வேலையில் நான் செய்த பற்றுச்சீட்டு ஒன்று 'மொத்தம்: ரூபா' என்று தொகையே இல்லாமல் வாடிக்கையாளருக்குப் போனது. அன்றிலிருந்து காசு சம்பந்தப்பட்ட எதையும் வெற்றிடம் விடுகிற இயந்திரத்திடம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை: ஜின்ஜாவைத் தனியாகப் பயன்படுத்தினால், பயனர் தட்டச்சு செய்த எச்டிஎம்எல் குறிகளை அது தானாகச் செயலிழக்கச் செய்யாது. ஜாங்கோ வழியாக வந்தால் அந்தப் பாதுகாப்பு போடப்பட்டே வரும்.

அப்புறம், தமிழ். பொருளின் பெயர் நீளமாக இருந்தால் வெட்டிக் காட்ட ஜாங்கோவில் ட்ரங்கேட்சார்ஸ் இருக்கிறது. அது புள்ளியைப் பிரிக்காது, ஆனால் உயிர்க்குறியைத் தனி எழுத்தாக எண்ணும். அதனால் 'பருத்திச் சேலை' வெட்டுப்பட்டு 'பருத்த…' என்று நிற்கலாம். சேலை விற்கும் தளத்தில் யார் அதைப் பொறுப்பார்கள்? ஜின்ஜாவின் ட்ரங்கேட் அரைகுறையாக நிற்கும் கடைசிச் சொல்லை முழுதாக விட்டுவிடும். ஜாங்கோவில் அதே பலன் வேண்டுமானால் சொற்களை எண்ணும் ட்ரங்கேட்வேர்ட்ஸை எடுக்க வேண்டும்.

வேற்றுமை உருபு இரண்டுக்கும் எட்டாதது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'க்கு' ஒட்டினால் திருகோணமலைக்குச் சரி. மன்னார் மன்னாருக்கு ஆகவேண்டும், வவுனியா வவுனியாவுக்கு, யாழ்ப்பாணம் யாழ்ப்பாணத்துக்கு. ஆட்களின் பெயருக்கு நம் பழைய கடித வழக்கமே கைகொடுத்தது. 'அவர்களுக்கு' என்று தனிச் சொல்லாகப் போட்டால் எந்தப் பெயரும் மாறாமல் நிற்கும். ஊருக்கு அது பொருந்தாது. 25 மாவட்டங்கள்தானே என்று, ஒவ்வொன்றின் சரியான வடிவத்தையும் வைத்து, பக்கத்தில் காட்டும் மதிப்பை மாற்றித் தரும் ஒரு ஃபில்டர் எழுதினோம். ஜாங்கோ ஃபில்டருக்கு ஒரு கூடுதல் மதிப்புதான் கொடுக்கலாம், ஜின்ஜாவில் எத்தனையும் கொடுக்கலாம். எங்களுக்கு வேற்றுமை எது என்ற ஒன்றே போதும் என்பதால் ஒரே பைத்தான் ஃபங்ஷனை இரண்டிலும் பதிந்துகொண்டோம்.

ஆம், இரண்டிலும். தளத்தின் பக்கங்கள் எல்லாம் ஜாங்கோ வார்ப்புருவில். ஜாங்கோவோடு வரும் அட்மின் (நிர்வாக) பக்கங்களுக்கும் எப்படியும் அதுவே வேண்டும். பற்றுச்சீட்டும் விலை மதிப்பீட்டு மின்னஞ்சலும் மட்டும் தனிக் கோப்புறையில், ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட் போட்ட ஜின்ஜாவில். 'க்கு' வடிவங்கள் 25உம் ஏறிவிட்டன. 'இல்' வடிவங்களை இந்த வாரம் அக்கா ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.