எட்டு வார க்ரூப்பா, வீட்டுக்கு வர்ற வீடியோவா?

பையனுக்கு 14 மாசம் இருக்கும்போது அழுதா நேரா அவங்க அப்பாகிட்ட ஓடுவான், என்கிட்ட வரவே மாட்டான். இங்க லண்டன்ல ஹெல்த் விசிட்டர்கிட்ட (சின்னக் குழந்தை இருக்கற குடும்பங்களைப் பாத்துக்கற நர்ஸ்) இதை சொல்லி ஒருநாள் அழுதுட்டேன், அவங்க ரெண்டு வழி சொன்னாங்க. சர்க்கிள் ஆஃப் செக்யூரிட்டினு பெத்தவங்களுக்கான 8 வார க்ரூப், இல்லன்னா விஐபிபினு வீட்டுக்கே வந்து வீடியோ எடுக்கறது. ரெண்டும் பண்ணிப் பாத்தாச்சு, ரெண்டுமே எனக்கு ஃப்ரீதான், அதனால காசுக் கணக்கு விட்டுடறேன்.

க்ரூப் மோசம்னு சொல்லமாட்டேன். அமெரிக்காவுல உருவான ப்ரோக்ராம். குழந்தை விளையாடப் போகும், பயந்தா திரும்பி வரும், ரெண்டுக்கும் நாம இருக்கணும்னு ஒரு வட்டம் போட்டுக் காட்டுவாங்க. ஒரே கடற்கரை வீடியோவுக்கு ஒருதடவை இனிமையான மியூசிக், அடுத்த தடவை சுறா வர்ற மாதிரி மியூசிக், நம்ம பழைய பயம்தான் அந்த சுறான்னு புரிய வைப்பாங்க. செம ஐடியா. ஆனா அதுல வர்றதெல்லாம் யாரோ பெத்த பிள்ளைங்க, அதைப் பாத்துட்டு என் மனசுல இருக்கறதை பத்து பேர் முன்னாடி இங்கிலீஷ்ல சொல்லணும், எனக்கு வாயே வரல.

வீடியோல அந்தப் பிரச்சனையே இல்ல. நெதர்லாந்துல லைடன் யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச முறை, பொதுவா 6 விசிட். நாங்க விளையாடறதையும் சாப்பாடு ஊட்டறதையும் கொஞ்ச நேரம் எடுத்துட்டுப் போவாங்க, அடுத்த விசிட்ல போட்டு, நிறுத்தி நிறுத்திக் காட்டுவாங்க. அப்படி ஒரு இடத்துல நிறுத்தினாங்க பாருங்க, பையன் கையில டப்பாவோட என்னைத் திரும்பிப் பாக்கறான், நான் ஸ்பூனைப் பாத்துட்டு இருக்கேன். அதே வீடியோல இன்னொரு இடம், நான் பாத்து சிரிச்சதும் தவழ்ந்து மடிக்கே வந்துட்டான். அவன் என்கிட்ட வராம இல்ல, வர்றதை நான்தான் கவனிக்கல. இதை எந்த க்ரூப்பும் எனக்கு காட்டியிருக்க முடியாது.

இன்னொண்ணு, குழந்தை மனசுல ஓடறதை நாம வாய்விட்டு சொல்லிப் பழகணும்னு ஒரு பயிற்சி. இங்கிலீஷ்ல எனக்கு நாடகம் மாதிரி இருந்துச்சு. ஊர்லேர்ந்து வந்திருந்த எங்கம்மா பக்கத்துல உக்காந்து "டப்பாவ அம்மாகிட்ட காட்டணுமாம், அம்மா பாக்கவே இல்லையாம்"னு அது பாட்டுக்கு சொல்லுது! நம்ம 'ஆம்' போட்டுப் பேசறது அப்படியே அந்தப் பயிற்சிதான். வீடியோ எடுக்க வந்த பொண்ணுக்கு தமிழ் தெரியாது, பையன் மூஞ்சியைப் பாத்தே தலையாட்டினாங்க.

இங்கிலாந்துல 300 குடும்பங்களை வெச்சு இந்த வீடியோ முறையை சோதிச்சு 2021ல முடிவு வந்துச்சு, பிள்ளைங்களோட முரண்டு கொஞ்சம் குறைஞ்சதாம். அது 1 முதல் 3 வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க. கைக்குழந்தைக்கு எப்படின்னு என் அனுபவத்துல சொல்ல முடியாது. பிரசவத்துக்கு அப்புறம் மனசு ரொம்ப சோர்ந்து கிடக்குன்னா முதல்ல ஜிபியை, அதாவது உங்க குடும்ப டாக்டரைப் பாருங்க, அது வேற வைத்தியம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாம தவிக்கறவங்களுக்கு க்ரூப்தான் சரி, எனக்கே அங்கேர்ந்து ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்க, இப்பவும் சனிக்கிழமை பார்க்ல பாக்கறோம்.