கிளட்ச்சா, கிராஸ் ஜாயின்ட்டா, பின் ஆக்சிலா? நகராமல் நிற்கும் பழைய பிக்கப்பில் பழுதைப் பிரித்தறிதல்

எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளட்சை விட்டாலும் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பின்சக்கரங்களால் ஓடும் பழைய பிக்கப் ஒன்று நடுவழியில் இப்படி நின்றுவிட்டால், ஓட்டுநர் முதலில் சொல்வது பெரும்பாலும் ‘கிளட்ச் போய்விட்டது’ என்பதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. தேய்ந்த கிளட்ச், பல் போன கியர்பாக்ஸ், அறுந்த கிராஸ் ஜாயின்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டு), உடைந்த பின் ஆக்சில் ஆகிய நான்கும் இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கு ஏறத்தாழ ஒரே முகத்தையே காட்டுகின்றன. ஆனால் செலவும் உழைப்பும் ஒன்றல்ல. கிளட்ச் தட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பின் ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்டைப் பார்க்கச் சில வண்டிகளில் எட்டு போல்ட்டுகளைக் கழற்றினாலே போதும். எந்தச் சோதனை எதை எதிலிருந்து பிரித்துக் காட்டும் என்று தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுப்பவர், பெரும்பாலும் செலவு கூடிய பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், வாழைத்தார் ஏற்றிய பழைய பிக்கப் ஒன்று கம்பம் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் நின்றுபோனதைப் பார்த்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தார்கள். கிளட்ச் செட் வாங்கிவர ஆள் அனுப்புவதாகவும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் கடைசியாக ஒருமுறை முதல் கியரில் போட்டு முடுக்கியபோது, நான் கதவோரம் நின்றிருந்தேன். வண்டி இம்மியும் அசையவில்லை. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் 20-ஐத் தொட்டு நின்றது. பாதி விடையை அந்த முள்ளே சொல்லிவிட்டது.

கிளட்ச்சும் ஆக்சிலும்

பழைய பிக்கப்புகள் பலவற்றில் ஸ்பீடோமீட்டரின் கேபிள் கியர்பாக்ஸின் வெளியேறும் முனையிலிருந்து புறப்படுகிறது. நிற்கும் வண்டியில் முள் ஏறுகிறதென்றால் எஞ்சினின் விசை கிளட்சைத் தாண்டி, கியர்பாக்ஸையும் தாண்டி வந்துவிட்டது என்று பொருள். பழுது அதற்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். முள் பூஜ்யத்திலேயே கிடந்தால், கேபிள் நல்ல நிலையில் இருக்கும்பட்சத்தில், சந்தேகம் கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் பக்கம் திரும்புகிறது. வேகத்தைச் சக்கரங்களில் உள்ள சென்சார்களிலிருந்து எடுத்துக்கொள்ளும் பிற்கால வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பட்டறைகளில் வழக்கமாகச் செய்யும் இன்னொரு சோதனை, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விடுவது. எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது, அணையாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு கட்டுகிறார்கள். வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நல்ல சோதனைதான். நின்றுபோன வண்டியில் இதை நம்பக்கூடாது. ஏனெனில் ஆக்சில் உடைந்திருந்தாலும் எஞ்சின் அணையாது. டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. சாதாரண டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கமே சுழற்சியை அனுப்பும். நல்ல பக்கத்துச் சக்கரத்தைப் பிரேக் பிடித்துக்கொண்டிருக்க, உடைந்த பக்கத்து ஷாஃப்டின் உள்முனை மட்டும் தடையின்றிச் சுழலும். எனக்குத் தெரிந்தவரை, ஆக்சில் உடைந்த வண்டிகளில் நல்ல கிளட்ச்சுகள் மாற்றப்படுவதற்கு இந்தச் சோதனையே முக்கியக் காரணம்.

முன்கதையைக் கேட்பதும் உதவும். கிளட்ச் தேய்வது நாள்கணக்கில் தெரியும்: ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, கருகல் வாடை வரும். ஆக்சில் பெரும்பாலும் ஒரே ‘டப்’ சத்தத்தோடு, பாரத்துடன் புறப்படும் நொடியில் போகும். இதற்கும் விலக்கு உண்டு. ஷாஃப்ட் முறுக்கிச் சாய்வாக உடைந்திருந்தால் இரு முனைகளும் சிலசமயம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தும், பிறகு நழுவும். அந்த விட்டுவிட்டு வரும் இழுவை கிளட்ச் வழுக்குவதைப் போலவே இருக்கும்.

கிராஸ் ஜாயின்ட்

இதைப் பிரித்தறிவது எளிது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவர் உள்ளே அமர்ந்து முதல் கியரில் மெல்ல இயக்க, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குனிந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது வண்டிக்கடியில் படுக்கக்கூடாது. ஷாஃப்ட் சுழலவே இல்லையென்றால் பழுது முன்னால் இருக்கிறது. முன்பாதி சுழன்று பின்முனை சுழலாவிட்டால் ஜாயின்ட் போயிருக்கிறது. அப்போது ஷாஃப்ட் தொங்கிக்கொண்டு தரையில் அடிக்கும் என்பதால் காதுக்கே தெரிந்துவிடும். முழு ஷாஃப்டும், ஆக்சிலுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சிறு பல்சக்கரமான பினியன் வரை சுழன்று சக்கரங்கள் மட்டும் நிற்கின்றன என்றால் பழுது பின் ஆக்சிலுக்குள் இருக்கிறது. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் ஆக்சிலை இணைத்துப் பார்ப்பதும் ஒரு வழி. முன்சக்கரங்கள் வண்டியை இழுத்தால் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் குற்றமற்றவை. ஆனால் அப்படியே ஊர்வரை ஓட்டிவிடலாம் என்று கிளம்புவதற்கு முன், உடைந்த பின் ஆக்சில் பின்னால் சொல்லப்போகும் இரண்டில் எவ்வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்சிலுக்குள்: ஷாஃப்டா, பல்சக்கரமா?

இங்கே போட்டி மூன்று பழுதுகளுக்கிடையே நடக்கிறது. சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் உடைந்திருக்கலாம். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய ஸ்டார் பினியன்களோ அவற்றின் அச்சாணியோ உடைந்திருக்கலாம். பினியனோ, அது சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனோ பல் இழந்திருக்கலாம்.

எஞ்சினை அணைத்து, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, அதன் வெளிக்கூடான ஹவுசிங்குக்கடியில் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்தபின், ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வண்டியைக் கியரில் போட வேண்டும். இப்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையாது. ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் எதிர்ப்பக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். நலமாக உள்ள சாதாரண டிஃபரன்ஷியலின் இயல்பு இது. எதிர்ச்சக்கரம் அசையாமல் நின்றால் இரு ஷாஃப்டுகளில் ஒன்றோ, ஸ்டார் பினியன்களோ உடைந்திருக்கின்றன. வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் சக்கரமே எளிதில் சுற்றாது என்பதால் அங்கே இந்தச் சோதனையை வேறுவிதமாகப் படிக்க வேண்டும்: தடையில்லாமல் சுற்றும் சக்கரமே உடைந்த பக்கம்.

எந்தப் பக்கம் என்பதைக் கை சொல்லும். உடைந்த பக்கத்துச் சக்கரம், பிரேக் உரசலைத் தவிர வேறு எடையில்லாமல், வெறும் பேரிங்கின் மேல் சுற்றும். நல்ல பக்கத்தில் உள்ளே பல்சக்கரங்கள் உருளும் கனத்தை உணரலாம். இரு பக்கமும் கரகரவென்று எதிலோ மாட்டி மாட்டிச் சுற்றினால் ஸ்டார் பினியன்களைச் சந்தேகிக்கலாம்.

கிரவுன், பினியன் பழுதுகள் வேறு சாதி. அவை வண்டியை ஒரேயடியாக நிறுத்துவது குறைவு. பெரும்பாலும் சத்தத்தோடு ஓடவிட்டு நாள் கடத்தும். கிரவுனில் ஒரு பல் போயிருந்தால் சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஒரு அடி கேட்கும். பினியனில் போயிருந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி, அதாவது ஷாஃப்டின் சுற்றுக்கும் சக்கரத்தின் சுற்றுக்கும் உள்ள விகிதம் நான்குக்கு ஒன்று என்றால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு அடி கேட்கும்.

சந்தேகம் நீங்காதபோது ஆயிலை வடித்துப் பார்ப்பதையே நான் விரும்புவேன். வடிகால் மூடியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் சாம்பல்நிறக் குழைவு வயதான ஆக்சிலுக்கு இயல்பானது. விரலால் பொறுக்கி எடுக்கும் அளவுக்குத் துண்டுகள் வந்தால் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. ஹவுசிங் குழாயின் நடுப்பகுதியில் ஷாஃப்ட் உடைந்த வண்டியிலோ ஆயில் பெரும்பாலும் சுத்தமாகவே வரும். அதனால் சுத்தமான ஆயிலைப் பார்த்து ஆக்சிலில் பழுதில்லை என்று முடிவு செய்வதும் தவறு.

செமி ஃப்ளோட்டிங், ஃபுல் ஃப்ளோட்டிங்

ஒரே பழுது இவ்விருவகை ஆக்சில்களிலும் வெவ்வேறு ஆபத்தாகிறது. செமி ஃப்ளோட்டிங் வகையில் ஷாஃப்டே சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதுவே வண்டியின் எடையையும் தாங்குகிறது. ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் ஹவுசிங் குழாயின் முனையில் இரு பேரிங்குகளின் மேல் அமர்ந்த ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) எடையைத் தாங்கிக்கொள்ள, ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே எஞ்சுகிறது. வெளியிலிருந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும்: சக்கரத்தின் நடுவே ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங்.

அமெரிக்கப் பிக்கப்புகளில் இரண்டையும் அருகருகே காணலாம். ஷெவ்ரலேயின் அரை டன் வண்டிகளில் வந்த 8.5 அங்குல ‘10 போல்ட்’ ஆக்சில் முதல் வகை. முக்கால் டன், ஒரு டன் வண்டிகளில் 1973 முதல் வந்த 10.5 அங்குல ‘14 போல்ட்’ ஆக்சில் இரண்டாம் வகை. முதல் வகைக்குள்ளேயே ஒரு பிரிவு உண்டு. 10 போல்ட் ஆக்சிலிலும் ஃபோர்டின் 8.8 அங்குல ஆக்சிலிலும் ஷாஃப்டை வெளியே வராமல் பிடித்திருப்பது, டிஃபரன்ஷியலுக்குள் அதன் உள்முனையில் மாட்டிய ‘சி’ வடிவ வளையம் மட்டுமே. ஷாஃப்ட் உடைந்தால் பிடிப்பும் போய்விடுகிறது. டிரம்மோடு சக்கரமே வெளியே நகர்ந்து வரலாம். பழைய ஹைலக்ஸிலும், 1986 வரை பிக்கப்புகளில் வந்த ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலிலும் பேரிங்கை வெளிமுனையில் ஒரு தகடு பிடித்திருப்பதால், பேரிங்குக்கு உட்புறம் உடைந்தால் சக்கரம் தங்கும். ஆனால் பேரிங்குக்கும், சக்கரம் பொருந்தும் வெளிமுனைத் தட்டான ஃபிளாஞ்சுக்கும் இடையில் உடைந்தால் அதுவும் கழன்றுவிடும். ஆகவே செமி ஃப்ளோட்டிங் ஆக்சிலில் உடைப்பு உறுதியானால் அந்த வண்டியை உருட்டிக்கூடச் செல்லாமல், பின்புறத்தைத் தூக்கியோ முழுதாக ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

சோதிக்கும் வசதியிலும் ஃபுல் ஃப்ளோட்டிங் வகைக்கே என் வாக்கு. சக்கரத்தைக் கழற்றாமல், ஜாக்கிகூடப் போடாமல், போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவினால் முழு நீளம் வருகிறதா, பாதி வருகிறதா என்பதே விடை. ‘சி’ வளைய வகையில் ஆயிலை வடித்து, பின்மூடியைத் திறந்து, அச்சாணியை எடுத்து, ஷாஃப்டை உள்ளே தள்ளி வளையத்தை விடுவித்தால்தான் அதே விடை கிடைக்கும். தகடு வகையில் டிரம்மைக் கழற்றி, பின்தகட்டின் நட்டுகளை எடுத்து, இழுப்புச் சுத்தியலால் உருவ வேண்டும்.

எவ்வகையானாலும் ஓர் எச்சரிக்கை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்ட் உடைந்தபின் கியரில் போட்டு நிறுத்திய வண்டி சரிவில் நிற்காது, உருளும். பழைய லேண்ட் ரோவர்களைப் போல ஹேண்ட் பிரேக் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் வண்டிகளில் அந்தப் பிரேக்கும் பயன்படாது.

உடைந்த முகம்

வெளியே வந்த துண்டை எறிவதற்குமுன் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து கடற்கரை மணலில் அலை விட்ட கோடுகளைப்போல வளைவரிகள் பரவி, கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும் கரடுமுரடாக இருந்தால், விரிசல் நாள்பட வளர்ந்திருக்கிறது. அந்த ஓரத்தில் துருவும் இருக்கலாம். எடையைத் தாங்கும் செமி ஃப்ளோட்டிங் ஷாஃப்டில் ஒவ்வொரு சுற்றிலும் வளைவு ஏற்பட்டு இறங்குவதால் பேரிங் அருகே இத்தகைய உடைப்பு வருகிறது. ‘சி’ வளைய வகையில் பேரிங் உருளைகள் ஷாஃப்டின் மேலேயே நேரடியாக ஓடுகின்றன. அங்கே நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் எதிர்ப்பக்கத்து ஷாஃப்டையும் உருவிப் பார்த்துவிடுவது நல்லது. ஷாஃப்டின் உள்முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்ப்லைன் பற்கள் கயிறு முறுக்கியதுபோல் திரும்பியிருந்தால் அது பாரமும் அவசரமும் சேர்ந்து செய்த ஒருநாள் வேலை.

ஆக்சிலின் மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டையின் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சிலே பின்னால் நகர்ந்துவிட்ட வண்டியையும் சிலர் ‘ஆக்சில் உடைந்தது’ என்கிறார்கள். முன், பின் சக்கரங்களின் மையத்துக்கு இடையிலான தூரத்தை இருபக்கமும் அளந்தால் அது வேறு கதை என்று தெரிந்துவிடும்.

ஷாஃப்ட் மட்டும் மாற்றுவதா, பழைய முழு ஆக்சிலை வாங்கிப் பொருத்துவதா என்ற கேள்விக்கு, டிஃபரன்ஷியல் நலமாக இருந்தால் ஷாஃப்ட் மட்டும் போதும் என்பதே என் பதில். முழு ஆக்சில் வாங்குபவர் விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் 3.73. நான்கு சக்கர இழுவை வண்டியில் இது முன் ஆக்சிலோடு பொருந்தியே தீர வேண்டும்.

அந்த வாழைத்தார் வண்டி ஃபுல் ஃப்ளோட்டிங். எட்டு போல்ட்டுகளைக் கழற்றி இழுத்ததும், ஸ்ப்லைன் முனை இல்லாமல், ஷாஃப்ட் முறுகி உடைந்த நுனியோடு வந்தது. உள்ளே தங்கிய துண்டை ஒரு நீளக் குழாயின் வாயில் செருகிக் கவ்வவைத்து உருவினார்கள். வெளியே எடுத்த இரண்டையும் தரையில் பொருத்தி வைத்து, இடையில் சில்லு ஏதும் குறைகிறதா என்று மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓட்டுநர் கிளட்ச் செட் வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தார்.