வூ குவான்ஜோங், லியூ குவோசோங்: மையோவியத்தின் இரு வழிகள்

சீன மையோவியத்தில் தூரிகைக் கோடே எல்லாம் என்ற நெடுங்கால நம்பிக்கையை மறுத்தவர்களில் வூ குவான்ஜோங்கும் (1919–2010) 1932இல் பிறந்த லியூ குவோசோங்கும் முக்கியமானவர்கள். எனினும் அவர்கள் சென்ற வழிகள் வேறு.

பாரிஸில் பயின்று 1950இல் நாடு திரும்பிய வூ, மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியின்போது ஹெபெய் மாகாணக் கிராமமொன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கே எருக்கூடையையே ஓவியத்தாங்கியாக்கித் தைலவண்ணத்தில் வரைந்தார். 1970களின் நடுவில்தான் மையில் முனைப்புடன் இறங்கினார். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஜியாங்னான் பகுதி வீடுகளின் சுவர்களை வெற்றுத்தாளாகவே விட்டுவிட்டு, கருங்கூரைகளைச் சில தடித்த பட்டைகளில் முடித்துவிடும் சிக்கனம் அவருடையது.

1949இல் தைவானுக்குச் சென்ற லியூவோ தாளிலேயே கைவைத்தார். மேற்பரப்பில் முரட்டு நார்கள் ஒட்டிய தாளைத் தனியே செய்வித்து, அதன்மேல் மையைப் பூசி, பிறகு நார்களை உரித்தெடுத்தார். மை இறங்காத அத்தடங்கள் பனிமலையின் வெள்ளை நரம்புகளாக நின்றன. அப்பல்லோ 8 அனுப்பிய பூமியின் படம் அவரை 1969இல் விண்வெளி ஓவியங்களுக்கு இட்டுச்சென்றது. அவ்வரிசையில் சில, உத்தியை மட்டுமே காட்டி நின்றுவிடுகின்றன என்பது என் எண்ணம்.

புதுமையில் லியூ முந்துகிறார். திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பவர் வூ. அவர் 2008இல் சிங்கப்பூருக்கு வழங்கிய 113 படைப்புகள் இன்று அந்நாட்டின் தேசியச் சேகரிப்பில் உள்ளன.