டீசல் ஜெனரேட்டர் பராமரிப்பு: ஹவர் மீட்டரா, நாட்காட்டியா, ஆயில் பரிசோதனையா?

டீசல் ஜெனரேட்டருக்கு எப்போது சர்வீஸ் செய்வது என்பதைத் தீர்மானிக்க மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ஹவர் மீட்டர் காட்டும் ஓட்ட நேரத்தை அளவாகக் கொள்வது முதல் வழி. ஓடியிருந்தாலும் ஓடாதிருந்தாலும் குறித்த மாதம் வந்ததும் செய்துவிடுவது இரண்டாவது. ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, என்ஜினின் நிலையைப் பார்த்து முடிவெடுப்பது மூன்றாவது. இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு, அந்த ஜெனரேட்டர் எந்த வேலைக்காக நிறுவப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடை சொல்ல இயலாது.

வேலையின் தன்மையை ஐ.எஸ்.ஓ. 8528-1 தரநிலை தெளிவாகவே பிரித்துக் காட்டுகிறது. மின்தடையின்போது மட்டும் ஓடும் அவசரகால வகைக்கு ஆண்டுக்கு 200 மணி நேரம் வரம்பு. 24 மணி நேரச் சராசரி லோடு, குறித்த திறனில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதன்மை மின்சாரமாக ஓடும் வகைக்கு மணிநேர வரம்பு இல்லை. லோடு ஏறி இறங்கலாம், ஆனால் சராசரி அதே 70 சதவீதம். தொடர் ஓட்ட வகை, மாறாத முழு லோடில் எத்தனை மணி நேரமும் ஓடலாம். ஒரே என்ஜின் இந்த மூன்று வேலைகளுக்கும் விற்கப்படுவதுண்டு. ஆனால் மூன்றும் ஒரே விதமாகத் தேய்வதில்லை.

ஹவர் மீட்டர் முறையின் பலம் நேரடியானது. பிஸ்டன் ரிங், லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை), பேரிங் ஆகியவற்றின் தேய்மானமும், ஆயிலில் சேரும் புகைக்கரியும், எரிந்த டீசலின் அமிலங்களைச் சமன்செய்யும் காரத்தன்மை குறைவதும் ஓட்டத்தோடு கூடுபவை. பல என்ஜின்களின் கையேடுகளில் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்ற 250 மணி நேரம் என்ற அளவு காணப்படுகிறது. இடைவிடாது ஓடும் ஜெனரேட்டர் பத்தரை நாளுக்குள் அந்த அளவைத் தொட்டுவிடும். ஆண்டு முழுவதும் ஓடினால் 35 முறை ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். அங்கே ஹவர் மீட்டரை விட நம்பகமான வழிகாட்டி வேறில்லை.

அதே 250 மணி நேரத்தை, மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சோதனைக்கு மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 6 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால், முதல் ஆயில் மாற்றத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேரும். மின்தடை மிகுந்து, 200 மணி நேர வரம்பு முழுவதையும் பயன்படுத்தினாலும் ஓராண்டில் 250ஐ எட்டாது. ஆகவே உண்மையிலேயே அவசரகால வகையாக இருக்கும் ஜெனரேட்டரில், ஆண்டு முடிவதற்குள் ஹவர் மீட்டர் ஒருபோதும் குறுக்கே வராது. நாட்காட்டிதான் முடிவு செய்யும். இதை உணராமல், "மீட்டர் இன்னும் குறைவாகத்தான் காட்டுகிறது" என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவது, மிகக் குறைவாக ஓடும் ஜெனரேட்டரை மிக மோசமாகக் கவனிப்பதில் போய் முடிகிறது.

ஓடாத என்ஜினில் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற ஐயம் எழலாம். குறுகிய நேரம் ஓடி நிற்கும் என்ஜின் போதிய வெப்பத்தை எட்டாததால், என்ஜினின் அடிப்பகுதிக் கூடான கிராங்க்கேஸில் படியும் ஈரமும் ஆயிலில் கலந்த டீசலும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பு வேதிப்பொருள் காலத்தால் குறைகிறது. குறைந்தபின் ஓட்டினால், நீர் நேரடியாகப் படும் லைனர்களின் வெளிப்புறத்தில் குழிகள் விழத் தொடங்கும். தொட்டியில் நிற்கும் டீசலின் அடியில் நீர் சேர்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி ஃபில்டரை அடைக்கின்றன. ரப்பர் ஹோஸ்களிலும் பெல்ட்டிலும் வெடிப்புகள் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாகப் பேட்டரி இருக்கிறது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்கு மிகப் பரவலான காரணம் பேட்டரிதான். முழுச் சார்ஜில் 1.265 அளவில் இருக்க வேண்டிய அமில அடர்த்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையோ, டெர்மினலில் பூத்திருக்கும் வெண்மையையோ எந்த ஹவர் மீட்டரும் காட்டாது.

நாட்காட்டி முறைக்கும் குறை உண்டு. சில நேரங்களில் இன்னும் பயன்படக்கூடிய ஆயிலை வடித்துக் கொட்ட வேண்டியிருக்கும். அது வீண்செலவு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மின்சாரம் போன நிமிடத்தில் கட்டாயம் ஓட வேண்டிய ஒரு இயந்திரத்துக்கு அந்தச் செலவு ஏற்கத்தக்கது என்றே கருதுகிறேன்.

ஆயில் பரிசோதனை இவ்விரண்டும் காணாதவற்றைக் காண்கிறது. இரும்பு கூடினால் லைனர் தேய்மானம், ஈயமும் செம்பும் கூடினால் பேரிங், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகும் தூசு, சோடியமோ பொட்டாசியமோ தென்பட்டால் கூலன்ட் கசிவு என்று, என்ஜினைப் பிரிக்காமலேயே சந்தேகிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான லிட்டர் ஆயில் கொள்ளும் பெரிய என்ஜின்களில், மாற்றும் இடைவெளியை ஆதாரத்தோடு நீட்டிக்கவும் இது உதவும். ஆனால் ஒரே ஒரு அறிக்கையால் பெரும்பயன் இல்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து, புது ஆயில் ஊற்றுவதற்கு முன் மாதிரி எடுத்து, முந்தைய அறிக்கைகளோடு ஒப்பிட்டால்தான் போக்கு புலப்படும். ஆண்டுக்குச் சில மணி நேரமே ஓடும் சிறிய ஜெனரேட்டரில் அத்தகைய தொடர்ச்சி உருவாகவே பல ஆண்டுகள் பிடிக்கும். மேலும், பேட்டரியையும் பெல்ட்டையும் ஆயில் பரிசோதனையும் பார்ப்பதில்லை.

ஒரு பாகத்தில் மட்டும் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் முறையே எல்லா ஜெனரேட்டர்களுக்கும் பொருந்தும்: அது ஏர் ஃபில்டர். அடைப்பு காட்டி சிவப்புக்கு வரும்போது மாற்றினால் போதும். காற்றழுத்தத்தால் ஊதித் திரும்பப் பொருத்துவது வடிதாளைக் கிழித்துத் தூசுக்கு வழி திறந்துவிடக்கூடும்.

மாதாந்திரச் சோதனை ஓட்டத்திலும் இரண்டு வழக்கங்கள் போட்டியிடுகின்றன: லோடு இல்லாமல் ஓட்டுவது, லோடு கொடுத்து ஓட்டுவது. முதலாவது எளிது, மின் இணைப்பை மாற்ற வேண்டியதில்லை, யாருக்கும் இடையூறும் இல்லை. ஆனால் அது ஸ்டார்ட் ஆகிறதா என்பதை மட்டும் சொல்லுமே தவிர, மின்சுமையைத் தாங்குமா என்பதைச் சொல்லாது. என்ஜினுக்குக் கேடும் செய்கிறது. சிலிண்டர் சூடேறாத நிலையில் டீசல் முழுமையாக எரியாமல், கரியோடு கலந்து புகைக்குழாயில் படிகிறது; சைலன்சர் இணைப்புகளில் கருப்பான எண்ணெய்ப் பிசுக்கு வழிவது அதன் அடையாளம். அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 110 இதனால்தான் மாதம் ஒருமுறை குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 சதவீதத்துக்குக் குறையாத லோடில் அல்லது தயாரிப்பாளர் குறித்த புகை வெப்பநிலை எட்டும் அளவில் ஓட்டச் சொல்கிறது. டீசல் ஜெனரேட்டரில் அது முடியாவிட்டால், இருக்கும் லோடில் மாதந்தோறும் ஓட்டிவிட்டு, ஆண்டுக்கொரு முறை லோடு பேங்க் (செயற்கையாக மின்சுமை கொடுக்கும் கருவி) இணைத்து 50 சதவீதத்தில் அரை மணி நேரமும் 75 சதவீதத்தில் ஒரு மணி நேரமும் தொடர்ந்து ஓட்ட வேண்டும். வாரந்தோறும் ஐந்து நிமிடம் சும்மா ஓட்டுவதைக் காட்டிலும், மாதம் ஒருமுறை உரிய லோடில் அரை மணி நேரம் ஓட்டுவதையே எவருக்கும் பரிந்துரைப்பேன்.

தீர்மானிக்கக் கடினமானது இடைப்பட்ட நிலை. அவசரகாலத்துக்கென்று வாங்கப்பட்டு, மின்தடை பெருகியதால் ஆண்டுக்கு 300, 400 மணி நேரம் ஓடும் ஜெனரேட்டர்கள் பெயரளவில் ஒரு வகை, உழைப்பில் வேறு வகை. இவற்றுக்கு ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளாமல், கையேட்டில் உள்ள மணிநேர அளவு, மாத அளவு ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதைப் பின்பற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு சர்வீஸின்போதும் தேதி, மீட்டர் அளவு இரண்டையும் பதிவேட்டில் மட்டுமல்லாது, புது ஃபில்டரின் மேலேயும் எழுதி வைப்பது நல்லது. ஓட்ட நேரம் அனுமதித்த வரம்பைத் தொடர்ந்து தாண்டுகிறது என்று அந்தப் பதிவு காட்டினால், சர்வீஸ் இடைவெளியை மட்டும் மாற்றினால் போதாது. முதன்மை மின்சாரத்துக்கான குறைந்த திறன் அளவுக்கு ஏற்ப லோடையும் குறைத்தாக வேண்டும்.